மஞ்சள் எண்ணெய்த் துளி

1812ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ஆம்பியர் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்னோட்டத்தை இன்றும் யார் பெயரால் அளக்கிறோமோ, அதே ஆம்பியர். கடிதம் போனது வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்கு. நைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து, தண்ணீரைவிடக் கனமான ஓர் எண்ணெய் உண்டாகியிருக்கிறது. கையின் சூடு போதும், அது வெடித்துவிடுகிறது. கண்டுபிடித்தவருக்கு ஒரு கண்ணும் ஒரு விரலும் போய்விட்டன என்று அதில் இருந்தது. கண்டுபிடித்தவர் பியர் லூயி துலோங். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இப்படி ஒரு கடிதம் வந்தால் யாரும் விலகித்தான் நிற்பார்கள். டேவி அதைத் தானே செய்து பார்த்தார். கண்ணாடிக் குழாய் வெடித்துச் சில்லு அவர் கண்ணில் பாய்ந்தது. சில காலம் அவரால் எழுதவோ படிக்கவோ முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குச் சில நாட்கள் வந்தவர், டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து வைத்திருந்த புத்தகம் பைண்டு செய்யும் இளைஞர். பெயர் மைக்கேல் ஃபாரடே. 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராக நிரந்தரமாகச் சேர்ந்தார். அடுத்த மாதமே அதே மஞ்சள் எண்ணெய் அவர் கையிலிருந்த சிறு குழாயில் வெடித்தது. ஒரு விரல் நகத்தின் ஒரு பகுதி பிய்ந்துபோனது. முகத்தில் கண்ணாடிக் கவசம் இருந்ததால் கண்கள் தப்பின. அந்தக் கவசத்தை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்கிறது. பின்னாளில் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த கண்கள் அவை.

பொருளின் பெயர் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு. ஒரு நைட்ரஜன் அணுவோடு மூன்று குளோரின் அணுக்கள். அம்மோனியாவில் ஹைட்ரஜன் இருக்கும் மூன்று இடங்களிலும் குளோரின் வந்து உட்கார்ந்ததுபோல. மூக்கைத் துளைக்கும் நெடி. நீரைப்போல 1.6 மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால் தண்ணீருக்கடியில் போய்த் தங்கும். 71 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் தூய திரவத்தை அடுப்பில் வைத்துப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள். சூடு, வெளிச்சம், அதிர்ச்சி எதுவும் ஆகாது. டர்பன்டைனோ ஆலிவ் எண்ணெயோ பட்டாலும் வெடிக்கும்.

ஏன் இத்தனை பதற்றம்? இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றை ஒன்று மூன்று கைகளால் பற்றிக்கொள்ளும் பிணைப்பு, இயற்கையில் மிக வலுவானவற்றுள் ஒன்று. ஒரு மோல் அளவில் அதை உடைக்க ஏறக்குறைய 945 கிலோஜூல் வேண்டும். நைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பின் வலு சுமார் 200தான். நம் மஞ்சள் எண்ணெயின் இரண்டு மூலக்கூறுகளில் இப்படி ஆறு நலிந்த பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று குளோரின் மூலக்கூறுகளும் கிடைத்துவிடும். ஒரு மோல் எண்ணெய்க்கு சுமார் 230 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். துளியாக இருந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் சூடான வாயுவாக விரியும். அதைத்தான் வெடிப்பு என்கிறோம்.

குளோரின் இருந்த இடத்தில் ஃபுளூரினை வைத்துப் பாருங்கள், கதையே மாறிவிடும். நைட்ரஜன்–ஃபுளூரின் பிணைப்பு வலுவானது, ஃபுளூரின்–ஃபுளூரின் பிணைப்போ நலிந்தது; பிரிந்து போவதில் லாபமில்லை. அதனால் நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு அமைதியான வாயு. சிலிண்டரில் அடைத்து மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள்.

வெடிப்பதெல்லாம் திரண்ட திரவம்தான். காற்றில் நிறையக் கலந்து நீர்த்துவிட்டால் இது வெடிப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘ஏஜீன்’ என்ற பெயரில் இந்த வாயுவைச் செலுத்திக் கோதுமை மாவை வெளுத்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீடுவீடாக ரொட்டியாகப் போனது அந்த மாவு. 1946இல் எட்வர்ட் மெலன்பி அந்த மாவை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு வலிப்பு வந்தது. மாவிலிருந்த புரதத்தின் மெத்தியோனினோடு வாயு வினைபுரிந்து நரம்பைத் தாக்கும் நச்சுப் பொருளை உண்டாக்கியிருந்தது. மனிதருக்கு அதே தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. உணவுக்கு வெண்மை தேவையென்று யார் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் புரியாத கேள்வி.

இன்று இதே மூலக்கூறைச் சந்திக்க ஆய்வகம் போக வேண்டியதில்லை. கூரை போட்ட நீச்சல்குளத்துக்குள் நுழைந்ததும் கண் எரிந்து, தொண்டை கரகரக்கும். ‘குளோரின் அதிகம் போட்டுவிட்டார்கள்’ என்போம். பெரும்பாலும் அந்த நெடி குளோரினுடையதே அல்ல. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் யூரியா போன்றவற்றோடு குளோரின் வினைபுரியும்போது குளோரமைன்கள் உண்டாகின்றன. அவற்றுள் எளிதில் காற்றுக்கு ஏறிவருவது நம் நைட்ரஜன் ட்ரைகுளோரைடுதான். வெடிக்கும் அளவுக்கு அங்கே சேராது. மூச்சுக்குழாயை உறுத்த அது போதும். நாள் முழுக்கக் குளக்கரையில் நிற்கும் பயிற்சியாளர்களுக்கே தொல்லை அதிகம். ஆகவே, நெடி தூக்கலாக இருக்கிறதென்றால் குளம் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. குளிக்காமல் இறங்கியவர்கள் அதிகம் என்றும், காற்றோட்டம் போதவில்லை என்றும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.