எட்டு மணின்னா எட்டு மணி!

சண்டே ஸ்கூல் டீச்சரா மாட்டிக்கிட்ட அனுபவம் உண்டா உங்களுக்கு? வி.பி.எஸ்.ல ஆக்‌ஷன் சாங் சொல்லிக் கொடுத்த அனுபவம்? அப்படின்னா இது தெரிஞ்சிருக்கும். ஆறு வயசு வாண்டுகளை எப்படியாவது சமாளிச்சிடலாம். பதிமூணு, பதினாலு வயசுப் பசங்கதான் பெண்டு நிமித்துவாங்க!

இந்த அவஸ்தையை 1880-களிலேயே அனுபவித்தவர் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித். ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்ஸோ பக்கத்தில் பிறந்தவர். பதிமூணு வயசில் அப்பா போய்விட, மாமா தன் வியாபாரத்தில் சேர்த்துக்கொள்ள கிளாஸ்கோவுக்கு அழைத்து வந்தார். அந்த வயசுப் பசங்க மேல அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறைன்னு இப்பப் புரியுதா?

ஸ்மித் போன சர்ச், காலேஜ் ஃப்ரீ சர்ச். அதன் துணையோடு நார்த் வுட்சைட் பகுதியில் ஒரு மிஷன் ஹால் நடந்தது. பெரிய சர்ச்சின் இளைஞர்கள் ஞாயிறு தோறும் அங்கே போய் வகுப்பெடுப்பார்கள். சம்பளம், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. போனால் பசங்க கேலி, கூச்சல், தள்ளுமுள்ளு. சின்னப் பிள்ளைங்க கிளாஸ்ல உட்கார வெட்கம், ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போக வயசு பத்தாது. நடுவுல தொங்கின பசங்க ஒவ்வொருத்தரா சர்ச் பக்கமே வராம நழுவினாங்க.

ஸ்மித்துக்கு இன்னொரு முகம் உண்டு. வேலை முடிந்த மாலைகளில் தொண்டர் படையில் டிரில் நடத்தும் அதிகாரி. அங்கே இவர் குரலுக்கு வளர்ந்த ஆம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. இங்கே முப்பது பொடியன்கள் மதிக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டையும் சேர்த்தா என்ன?

1883 அக்டோபர் 4, வியாழக்கிழமை. அதே ஹாலில், நண்பர்கள் இருவர் துணையோடு 'பாய்ஸ் பிரிகேட்' தொடங்கினார். 12 முதல் 17 வயது வரை. அப்போது அவருக்கு வயது 28. 59 பசங்க பேர் கொடுத்தார்கள். எட்டு மணின்னா எட்டு மணி. ஒரு நிமிஷம் லேட்டானாலும் அன்னிக்கு அணியில் இடம் இல்லை! கொஞ்ச நாளில் பலர் கழன்று கொண்டார்கள். ஸ்மித் விதியைத் தளர்த்தவில்லை. நின்றவர்கள் நின்றார்கள். வார நாளில் டிரில், ஞாயிறு பைபிள் வகுப்பு என்று வண்டி ஓடத் தொடங்கியது.

கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஹென்றி டிரம்மண்ட் இதைப் பார்த்துச் சிரித்தே விட்டார். பையனைப் பையன்னு சொல்லி உட்காருன்னா உட்கார மாட்டான். தலையில ஒரு மலிவுத் தொப்பியை மாட்டி சிப்பாய்னு சொன்னா நடுராத்திரி வரை சொன்னதைச் செய்வான் என்பது அவர் கணிப்பு. நம்ம என்.சி.சி. பசங்களைக் கேளுங்க, ஆமான்னு தலையாட்டுவாங்க.

ஆனா அந்த டிரில்லில் கையில் டம்மி துப்பாக்கியும் இருந்தது. சர்ச்சுல எதுக்கய்யா துப்பாக்கின்னு அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 1920-களில் பிரிகேட்டே அதைக் கைவிட்டது.

தொப்பியும் டிரில்லும் பசங்களை உள்ளே இழுத்திருக்கலாம். அவங்களைப் பிடிச்சு வைச்சது வேற. 1886 கோடையில் டைனாப்ரூயிக் என்ற கடலோர ஊருக்கு பசங்களை முகாம் கூட்டிப் போனார் ஸ்மித். அதுக்கு முன்னாடி தொழிலாளர் வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் கடற்கரையில் தங்குவதெல்லாம் கனவு. ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா குளிச்சு, ஒண்ணா தூங்கின ஒரு வாரம். வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல பேச முடியாததை பையன் அங்கே பேசிடுவான்தானே?

சாரணர் இயக்கம் தொடங்கிய பேடன் பவல் இந்த பிரிகேட் பசங்களைப் பார்த்து அசந்தவர். அவருடைய ராணுவப் புத்தகத்தை பையன்களுக்கு ஏத்த மாதிரி எழுதச் சொல்லித் தூண்டியவர்களில் ஸ்மித்தும் ஒருவர். 1907 ஆகஸ்டில் பிரவுன்ஸீ தீவில் நடந்த அந்தப் பிரபலமான முதல் முகாமுக்கு வந்த சுமார் 20 பேரில் பிரிகேட் பசங்களும் இருந்தார்கள். ஈட்டன், ஹாரோ மாதிரி பணக்காரப் பள்ளிப் பையன்களோடு ஒரே கூடாரத்தில்!

1909-ல் ஸ்மித்துக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1914 மே 10-ல் லண்டனில் இறந்தார். அப்போதும் பிரிகேட் வேலையாகத்தான் அங்கே போயிருந்தார்.