புதிய கைப்பேசியில் 5ஜி வேகம் கிடைக்குமா?

புதிய கைப்பேசி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, “இதில் 5ஜி வருமா?” கடைக்காரரும் “வரும்” என்பார். அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி கைமாறிவிடுகிறது. வீட்டுக்கு வந்து சிம் அட்டையைப் போட்டால், சில வேளைகளில் திரையில் 4ஜி என்றே நிற்கிறது. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் 5ஜி வசதி இருக்கலாம். ஆனால் வாங்கியவர் வாழும் நாட்டில், அவருடைய நிறுவனத்தின் கட்டமைப்பில் அது வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. அதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

தலைமுறையும் வேகமும்

5ஜி என்பது ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு. இதற்கான தகுதிகளை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ளது. உச்ச வேகம் வினாடிக்கு 20 ஜிகாபிட் என்பது அவற்றுள் ஒன்று. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இத்தகைய உச்ச அளவுகள்தாம். ஆனால் ஒரு கோபுரத்தின் திறனை அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நகரப் பகுதியில் தனி ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வேகமாக அதே ஒன்றியம் வைத்த இலக்கு வினாடிக்கு 100 மெகாபிட். அந்த வேகத்தில் ஒரு ஜிகாபைட் அளவுள்ள படத்தை இறக்க ஏறத்தாழ 80 வினாடிகள் போதும்.

வேகம் கூடுவதற்கு முக்கியக் காரணம் பாதையின் அகலம். 4ஜியில் ஓர் அலைத்தடத்தின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ஜியில், 3.5 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், அது 100 மெகாஹெர்ட்ஸ் வரை விரியலாம்.

அலைவரிசை பொருந்த வேண்டும்

பண்பலை மட்டுமே எடுக்கும் வானொலிப் பெட்டியில் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்க முடியாது. கைப்பேசிக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நாடும் தனக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்குகிறது. அவற்றை ஏற்கும் பாகங்கள் கைப்பேசிக்குள் இருக்க வேண்டும். அவை தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுபவை. இல்லாத பாகத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் சேர்க்க முடியாது.

2012இல் ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. அவ்வாண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐபேட் கருவியை ஆப்பிள் நிறுவனம் 4ஜி என்ற பெயரோடு விற்றது. அதிலிருந்த 4ஜி, வட அமெரிக்க அலைவரிசைகளுக்கு ஏற்றது. ஆஸ்திரேலியாவின் 4ஜி கட்டமைப்போடு அதனால் இணைய முடியவில்லை. பயனீட்டாளர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. கூட்டரசு நீதிமன்றம் 22 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளி அபராதம் விதித்தது.

மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகளில் தொடங்கியது. டிஜிட்டல் நேஷனல் நிறுவனம் அமைத்த அந்தக் கட்டமைப்பு முக்கியமாக இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று 3.5 ஜிகாஹெர்ட்ஸ், தொழில்நுட்ப அட்டவணைகளில் ‘என்78’ என்று குறிக்கப்படுவது. வேகத்தைத் தருவது இதுவே. மற்றொன்று 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது ‘என்28’. இது வேகத்தில் பின்தங்கினாலும் வெகுதூரம் பாயும். சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். என்78 மட்டும் உள்ள கைப்பேசி வெளியே நன்றாக ஓடி, அடுக்குமாடி வீட்டின் உள்ளறைக்குப் போனதும் 4ஜிக்கு இறங்கிவிடலாம்.

மென்பொருளும் வழிவிட வேண்டும்

அலைவரிசை பொருந்தியும் 5ஜி வராமல் போவதுண்டு. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் தேதி 5ஜி தொடங்கப்பட்டது. ஐபோன் 12, 13, 14 வைத்திருந்தவர்களின் கையில் 5ஜி கருவி தயாராக இருந்தது. ஆனாலும் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 மென்பொருள் வெளிவந்த பிறகே அவர்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்த முடிந்தது. கைப்பேசித் தயாரிப்பாளர் ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்பையும் சோதித்து, மென்பொருள்வழி அனுமதி திறந்துவிட வேண்டியிருப்பதே காரணம். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரித்து, அதிகாரத்துவ விநியோகஸ்தர் வழி வராத கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் எழும் வாய்ப்பு அதிகம். விலை முந்நூறு வெள்ளி குறைவு என்பதற்காக அவற்றை வாங்குவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேகத்தைவிட முக்கியமானது

5ஜி வரவில்லை என்றால் படம் இறங்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். அழைப்பே போகவில்லை என்றால் என்ன செய்வது? பழைய கட்டமைப்புகள் மூடப்பட்ட பிறகு இதுவே பெரிய கவலையாகியுள்ளது.

4ஜியில் குரல் அழைப்பு செய்ய ‘வோல்ட்டி’ என்ற வசதி வேண்டும். அது இல்லாத 4ஜி கைப்பேசி, இணையத்துக்கு 4ஜியையும் பேசுவதற்கு 3ஜி அல்லது 2ஜியையும் நாடும். மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி கட்டங்கட்டமாக மூடப்பட்டபோது, குரல் அழைப்புக்காக 2ஜி விட்டுவைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2ஜி 2017இலேயே போய்விட்டது. 3ஜிக்கும் 2024இல் விடைகொடுக்கும் பணி தொடங்கியது. இரண்டும் இல்லாத இடத்தில் வோல்ட்டி இல்லாத கைப்பேசியால் வாட்ஸ்அப் பார்க்கலாம். சாதாரண அழைப்பு செய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜி மூடப்பட்டபோது மற்றொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. சில கைப்பேசிகள் சாதாரண அழைப்பை 4ஜியில் செய்தாலும், அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடின. அத்தகைய கருவிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கட்டமைப்பிலிருந்து தடைசெய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுத் தரும் பழைய கைப்பேசி பல வீடுகளில் பெற்றோரிடம் போய்ச் சேருகிறது. இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் அப்பாவின் கையில் இருப்பது அந்தக் கைப்பேசிதான்.

வாங்கும் முன்

முதலாவதாக, பெயரை மட்டும் பார்க்காமல் மாதிரி எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு மாதிரிகள் தயாராகின்றன. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 12இல் மில்லிமீட்டர் அலை வசதி உண்டு. மற்ற நாடுகளில் விற்றவற்றில் இல்லை.

இரண்டாவதாக, அந்த எண்ணுக்குரிய பட்டியலில் என்78, என்28 இரண்டும் உள்ளனவா என்று தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உறுதிசெய்ய வேண்டும். மலேசியாவில் சிரிம் சான்று உள்ள கருவியா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, 5ஜியும் வோல்ட்டியும் அந்த மாதிரிக்குத் திறக்கப்பட்டுள்ளனவா என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். சந்தாத் திட்டத்தில் 5ஜி அடங்குமா, சிம் அட்டையை மாற்ற வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கடைசியாக, கடையிலேயே சொந்த சிம் அட்டையைப் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டுக்கு ஓர் அழைப்பு செய்து பார்க்கலாம். பேசும்போது திரையில் 4ஜி அல்லது 5ஜி நீடித்தால் நல்லது. 2ஜிக்கு இறங்கினால் வோல்ட்டி வேலை செய்யவில்லை என்று பொருள்.

6ஜி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அதன் தரநிலைகள் 2030ஐ ஒட்டியே எதிர்பார்க்கப்படுகின்றன. இன்று கடையில் இருக்கும் எந்தக் கைப்பேசியும் அதை ஏற்காது. காணொளி அழைப்புக்கும் செய்தி வாசிப்புக்கும் மட்டும் கைப்பேசி வேண்டும் என்பவருக்கு நல்ல 4ஜியே போதும். ஆனால் அவர் வாங்கும் கைப்பேசியிலும் வோல்ட்டி இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.