விதை வெங்காயத்தை விற்பதில்லை



தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஒவ்வொரு வருசமும் சொல்லுகிறோம். "இந்த வருசமாவது கடன முடிச்சிடணும்", "இந்த வருசமாவது பிள்ளைய நல்லாப் படிக்க வைக்கணும்" என்று பொங்கல் பானைக்கு முன்னால் நின்று நினைக்கிறோம். மாசி வருவதற்குள் அது மறந்து போகிறது. நாம் சோம்பேறிகள் என்பதாலா? இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய், மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இதற்கு ஒரு நல்ல பதிலை நாங்கள் நெல்லியடியில் கேட்டோம்.

நெல்லியடி, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வடமராட்சியில் உள்ள சந்தை ஊர். வீட்டுத்தோட்டம் செய்யும் முறையைப் பார்த்துவர ஒரு கார்த்திகைக் கடைசியில் நம் தாய்மார் சிலரை அங்கே கூட்டிப் போயிருந்தோம். அந்தப் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலைதான். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடையாது. கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் எல்லாம்.

ஒரு பெரியவருடைய கொட்டிலுக்குள் போனோம். மேலே தடிகளில் சின்ன வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தொங்கியது. அந்த நேரம் சந்தையில் நல்ல விலை. நம் தாய்மாரில் ஒருவர் கேட்டார்: "ஏன் ஐயா, இவ்வளவு வெல வர்றப்ப இத விக்கக் கூடாதா?"

பெரியவர் சிரித்தார். "உது விக்கிறதுக்கில்லைப் பிள்ளை, உது விதை. கிண்டி எடுத்த உடனே முதல்ல விதைக்கு எடுத்துக் கட்டிப்போடுவம். மிச்சம்தான் சந்தைக்கு. விலை வந்ததெண்டு விதையை வித்தால், அடுத்த முறை ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "போன தீபாவளிக் கடனுக்காக மூத்தவன பத்தாம் வகுப்போட நிப்பாட்டி கொழும்புக் கடைக்கு அனுப்பினோம். நாங்க விதையத்தான் வித்துப்புட்டோம்." அவருக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறாள். அடுத்ததாகச் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவள்.

ஆசைக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மிஞ்சினால் பார்ப்போம் என்பது ஆசை. முதலில் எடுத்துத் தனியாகக் கட்டி வைப்பது இலக்கு. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம.

கிணற்றைப் பார்த்துப் பாத்தி கட்டுங்கள்

வெங்காயம் வைப்பவர் தன் கிணறு எத்தனை பாத்திக்குத் தண்ணீர் தரும் என்று பார்த்த பிறகுதான் நடுவார். நாமும் முதலில் சம்பளத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எத்தனை பேர் விழுந்திருக்கிறது? முற்பணத்துக்கு எவ்வளவு கழிகிறது? கடைக்கு எவ்வளவு? கணவனும் மனைவியும் சேர்ந்து பார்ப்பது முக்கியம். பிறகு ஒரே ஒரு இலக்கை எடுங்கள். கடனும் முடிய வேண்டும், கூரையும் மாற்ற வேண்டும், நகையும் மீட்க வேண்டும் என்று ஐந்தை ஒன்றாகப் பிடித்தால் ஐந்துமே வாடிப்போகும்.

நாள் கணக்காக உடையுங்கள்

"பணம் சேர்க்கணும்" என்று சொன்னால் எவ்வளவு என்று தெரியாது. "விழுகிற ஒவ்வொரு பேருக்கும் 50 ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள். மாதம் 20 பேர் என்றால் 1,000 ரூபாய். வருசத்துக்கு 12,000 ரூபாய். 50 கஷ்டம் என்றால் 20 வையுங்கள். அதுவும் வருசத்தில் 4,800 ரூபாய் ஆகும். சம்பளம் வந்த அன்றே, கடைக்குப் போகும் முன்பே எடுத்து வைக்க வேண்டும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் தபாற் கந்தோரிலேயே போடலாம். வீட்டு டப்பாவில் இருக்கிற காசுக்குக் கால் முளைத்துவிடும்.

இலக்கு காசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "தவறணைப் பக்கம் போறத விட்டுருவேன்" என்று ஒரேயடியாகச் சொல்லித் தோற்பதைவிட, "சம்பள நாளன்று மட்டும் நேரே வீட்டுக்கு வருவேன்" என்று தொடங்கலாம். "பிள்ளை படிக்கணும்" என்பதை "இரவு ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை நம்ம காம்பராவில் டீவி போடுறதில்ல" என்று மாற்றலாம்.

ஏற்கனவே கட்டி வைத்திருக்கும் விதையைப் பாருங்கள்

நம் பெயரில் ஒரு விதைப் பிடி ஏற்கனவே தொங்குகிறது. அதுதான் ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது. நிர்வாகம் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஓய்வுபெறும்போது பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர், பிறப்புப் பதிவில் வேறொரு பெயர் என்று இருந்தால் அந்த நேரத்தில் அலைய வேண்டி வரும். இந்த வருசத்து இலக்காக அந்தப் பெயரைத் திருத்துவதையே வைத்தாலும் அது நல்ல இலக்குத்தான்.

துணைப் படகு வேண்டும்

நெல்லியடிக்குப் பக்கத்தில் கடற்கரையில் உள்ள ஊர்கள் தொண்டைமானாறும் வல்வெட்டித்துறையும். தொண்டைமானாற்று நீச்சல் வீரர் மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். பிறகு வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி.எஸ். குமார் ஆனந்தன் 1971இல் அதை 51 மணி நேரத்தில் போகவும் வரவும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். இப்படிப்பட்ட பெரிய வீரர்கள் நீந்தும்போதும் பக்கத்தில் ஒரு படகு போகும். கைவீசுவது நீந்துகிறவர்தான். வழி பார்ப்பதும் சாப்பாடு நீட்டுவதும் படகில் இருக்கிறவர்கள்.

நம் இலக்குக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். மனைவி, அண்ணன், பக்கத்துக் காம்பரா அக்கா, பிள்ளையின் டீச்சர் யாராக இருந்தாலும் சரி. அவரிடம் இலக்கைச் சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை "என்னாச்சு?" என்று அவர் கேட்டால் போதும்.

தவறினால் இரண்டு பாத்தி

நடுவில் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், மழையில் பேர் குறையும். எடுத்து வைத்ததைத் தொட வேண்டி வரலாம். அதோடு எல்லாம் போச்சு என்று விட்டுவிடக் கூடாது. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது அந்தப் பெரியவர் குடும்பமும் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்ததாம். திரும்பி வந்தபோது கொட்டிலில் ஒரு பிடி விதைகூட இல்லை. தெரிந்தவரிடம் கொஞ்சம் விதை கேட்டு வாங்கி, இரண்டே இரண்டு பாத்தி நட்டார். அதில் வந்ததை விற்கவில்லை, எல்லாவற்றையும் விதைக்கே கட்டினார். முழு நிலத்துக்கும் விதை சேர மூன்று போகம் பிடித்தது என்றார். தை மாதத்தில் தொடங்கியது ஆடியில் நின்றுபோனால், ஆடியிலேயே மறுபடி தொடங்குங்கள். தை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தாயின் வீட்டுக்கு அண்மையில் போனோம். கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி சுவரில் தொங்கியது. பேர் விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மேலே மகளின் கையெழுத்தில் "விதை" என்று எழுதியிருந்தது. "யாரு கேட்டாலும் இதுல கை வைக்கிறதில்லங்க, இது அவ பரீட்சைக்கு" என்றார். மூத்த மகனும் கொழும்பிலிருந்து அதற்கென்று கொஞ்சம் அனுப்புகிறானாம்.

உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் இன்றைக்கே ஒரு கோடு போடுங்கள்.