சாரத்தோடு நின்றுவிட்ட கட்டடங்கள்

எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்கா பாடம் நடத்தும்போது பாலைவனமும் விலங்குகளும் வந்துவிடுகின்றன, நகரங்கள் வருவதில்லை. எனவே எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவை நான் சேர்த்துக்கொள்வேன்.

கடந்த இருபது ஆண்டுகளில் அங்கே நடந்த கட்டுமானம் சாதாரணமானதல்ல. அரசே அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் குலுக்கல் முறையில் மக்களுக்கு ஒதுக்கியது. 2015இல் நகர ரயில் ஓடத் தொடங்கியது. நீல நைல் நதியின் குறுக்கே 2011இல் பணி தொடங்கிய பெரிய அணை 2025இல் திறக்கப்பட்டது. அதற்காக ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்கள் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தார்கள் என்பது நமக்குச் சற்று நெருக்கமான செய்தி.

அதே நகரில், பல ஆண்டுகளாகப் பாதியில் நிற்கும் கான்கிரீட் கூடுகளையும் பார்க்கலாம். சுற்றிலும் தைலமரக் கம்புகளால் கட்டிய சாரம். (நம் ஊரில் சவுக்கு செய்யும் வேலையை அங்கே தைலமரம் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெனெலிக் மன்னர் காலத்தில், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த ஆஸ்திரேலிய மரம் அது.)

ஏன் நிற்கின்றன? கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அங்கேயே உண்டு. வேலைக்கு ஆட்களுக்கும் பஞ்சமில்லை. சித்தாள் வேலையில் பெண்கள் ஏராளம். தட்டுப்பாடெல்லாம் டாலருக்குத்தான். கம்பி உருக்கத் தேவையான இரும்பு, லிஃப்ட், சிமெண்ட் ஆலையின் உதிரிபாகங்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. டாலரைக் கொண்டுவரும் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்றோ காப்பிக்கொட்டை. 1993இல் எரித்திரியா தனி நாடானபோது கடற்கரையும் போய்விட்டது. இப்போது பெரும்பாலான சரக்கு ஜிபூட்டி துறைமுகத்தில் இறங்கி, சுமார் 750 கி.மீ. கடந்து வரவேண்டும்.

உதிரிபாகம் வராவிட்டால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் சிமெண்ட் விலை ஏறும். பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டவர் என்ன செய்வார்? வேலையை நிறுத்துவார். 2024 ஜூலையில் நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டபின், சில மாதங்களில் பிர்ரின் மதிப்பு பாதிக்கும் கீழே போனது. டாலரில் விலை ஏறாத பொருள்கூட உள்ளூர்ப் பணத்தில் இருமடங்குக்கு மேல் ஆனது.

இன்னொன்று நம் துறை சார்ந்தது. பல்கலைக்கழக இடங்களில் 70 விழுக்காட்டை அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஒதுக்கும் கொள்கையை அந்நாடு பின்பற்றியது. பொறியாளர்கள் பெருகினார்கள். ஆனால் சுவரை நேராக எழுப்புவது கொத்தனார் அல்லவா? தேர்ந்த கொத்தனாரும் குழாய் வேலைக்காரரும் பட்டத்தால் மட்டும் உருவாவதில்லை. பொறியாளர் எண்ணிக்கையைவிட இந்த இடைவெளிதான் பெரிய சிக்கல் என்பது என் கருத்து.

வகுப்பில் ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களைக் கரும்பலகையில் எழுதி, ‘எத்தியோப்பியாவில் கிடைப்பவை’, ‘கப்பலில் வருபவை’ என்று மாணவர்களைப் பிரிக்கச் சொல்வேன். கல், மணல், கம்பி எல்லாம் எளிதாக முடிந்துவிடும். சிமெண்ட்டை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் சண்டை வரும்.