உயிரியலில் எத்தனை புள்ளி வரும்? இப்போதே கணக்குப் போடலாம்!

எஸ்.பி.எம். சோதனை நெருங்கும்போது சிலிம் ரிவர் வட்டாரத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எத்தனை ஏ எடுப்பே?” என்பதுதான். பிள்ளையும் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடும். அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இலக்கு வைப்பது ஆசைப்படுவதல்ல, கணக்குப் போடுவது. உயிரியல் பாடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் தேவை என்ன?

எல்லாருக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம் உட்பட ஐந்து பாடங்களில் பி நிலையாவது வேண்டும் என்கிறது மலேசிய மருத்துவ மன்றம். அது வாசற்படி மட்டுமே. இடம் கிடைக்கப் போட்டி அதிகம். 10ஏ-வும் அதற்கு மேலும் எடுப்போருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என 2024-இல் பிரதமர் அறிவித்த பிறகு, ஒரு பாடத்தின் நிலைகூட ஒரு பிள்ளையின் பாதையை மாற்றலாம். ஆகவே, போக விரும்பும் படிப்புக்கு என்ன நிலை தேவை என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

எல்லைக் கோடு தெரியாது

பள்ளிச் சோதனைகளில் 90-க்கு மேல் ஏ பிளஸ், 80-க்கு மேல் ஏ, 70-க்கு மேல் ஏ மைனஸ், 65-க்கு மேல் பி பிளஸ், 60-க்கு மேல் பி என்று கணக்கிடுவது வழக்கம். உண்மையான எஸ்.பி.எம். தேர்வில் எந்தப் புள்ளிக்கு எந்த நிலை என்பதைத் தேர்வு வாரியம் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. அதனால் பள்ளி அளவுகோலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஐந்து புள்ளியாவது கூடுதலாகக் குறிவைப்பதே பாதுகாப்பு.

ஒரு மாணவியின் கணக்கு

உயிரியலில் மூன்று தாள்கள். முதல் தாள் 40 புறவயக் கேள்விகள், 40 புள்ளி. இரண்டாம் தாள் 100 புள்ளி: ஏ பிரிவு 60, பி பிரிவு 20, சி பிரிவு 20. மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு, 15 புள்ளி. நம் மதிப்பீட்டுக்கு இவற்றை நேரடியாகக் கூட்டினால் மொத்தம் 155.

முன்னோட்டச் சோதனையில் ஒரு மாணவி முதல் தாளில் 26, இரண்டாம் தாளில் 48, மூன்றாம் தாளில் 9 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 83, அதாவது ஏறக்குறைய 54 விழுக்காடு. பள்ளி அளவுகோலில் சி நிலை. அவர் ஏ மைனஸ் பெற விரும்பினால், பாதுகாப்புக்காக 75 விழுக்காட்டைக் குறிவைக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 116 புள்ளி தேவை. இன்னும் 33 புள்ளி வேண்டும்.

“33 புள்ளியா?” என்று மலைக்க வேண்டாம். பிரித்துப் பாருங்கள். முதல் தாளில் 7, ஏ பிரிவில் 12, பி பிரிவில் 5, சி பிரிவில் 6, செய்முறையில் 3. கூட்டினால் 33. இப்போது அது மலையல்ல, ஐந்து சிறிய வேலைகள்.

புள்ளி எங்கே போகிறது?

திருத்திய தாளை எடுத்து, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஓர் எண் போடுங்கள். பாடமே தெரியாததால் போனது 1. தெரிந்தும் சரியாக எழுதாததால் போனது 2. அவசரம், கவனக்குறைவு, நேரமின்மையால் போனது 3. மிக விரைவாக மீட்கக்கூடியவை 2-ம் 3-ம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. செம்பனைக் கன்றுக்கு உரம் அதிகமாகப் போட்டால் ஏன் வாடுகிறது? தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணால் கண்ட விஷயம். “உரம் கூடினால் செடி செத்துவிடும்” என்று எழுதினால் புள்ளி இல்லை. மண்ணிலுள்ள நீர், வேர் உயிரணுச் சாற்றைவிட ஹைபர்டோனிக் ஆகிறது. சவ்வூடு பரவலால் நீர் உயிரணுவிலிருந்து வெளியேறுகிறது. உயிரணு பிளாஸ்மோலிசிஸ் அடைகிறது. அதனால் செடி வாடுகிறது. இப்படிப் படிப்படியாக எழுதினால்தான் புள்ளி சேரும். ஆசிரியர்கள் ‘பக்தா’, ‘பெனெராங்கான்’ என்று சொல்வது இதைத்தான்: உண்மையைச் சொல், பிறகு காரணத்தை விளக்கு. கேள்வியில் ‘நியாதாகான்’ என்றிருந்தால் சொன்னால் போதும். ‘தெராங்கான்’ என்றிருந்தால் காரணமும் வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இரண்டாம் தாளுக்கு இரண்டரை மணி நேரம். ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். ஏ பிரிவை 90 நிமிடத்தில் முடித்தால்தான் பி, சி பிரிவுகளுக்குத் தலா 30 நிமிடம் மிஞ்சும். புறவயக் கேள்விகளில் தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

எண் 1 விழுந்த கேள்விகளை அத்தியாயவாரியாகப் பிரியுங்கள். படிவம் 4, 5 இரண்டிலும் சேர்த்து 28 அத்தியாயங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க நேரம் இருக்காது. அதிகப் புள்ளி போன நான்கைந்து அத்தியாயங்களை மட்டும் முதலில் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முழுத் தாளை நேரம் வைத்து எழுதி, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் குறியுங்கள். எண் ஏறவில்லை என்றால் இலக்கைக் குறைக்க வேண்டாம். படிக்கும் முறையை மாற்றுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்ச் சொற்களுக்கு மாறியவர்கள். விஷயம் தெரிந்தும் சொல் கிடைக்காமல் புள்ளியை இழப்பது அவர்களுக்கு நேரும் பெரிய நட்டம். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். “எத்தனை ஏ?” என்பதற்குப் பதில், “இந்த வாரம் எந்தப் பிரிவில் எத்தனை புள்ளி ஏறியது?” என்று கேளுங்கள். உங்களுக்கு உயிரியல் தெரிய வேண்டியதில்லை; அந்தத் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

இன்றிரவு முன்னோட்டச் சோதனைத் தாளையும் ஒரு பென்சிலையும் எடுங்கள். இழந்த புள்ளிகளுக்கு எண் போட அரை மணி நேரம் போதும்.