புதர் வெட்டும் கருவிக்குச் சங்கிலி மேலிணைப்பு

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை மழை நீடிப்பதால், தென்னந்தோப்புகளிலும் சாலையோரங்களிலும் புல்லும் புதரும் வெட்ட வெட்டத் தழைக்கின்றன. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் மின்னி பே போன்ற கரையோரப் பகுதிகளில் நிலம் சமமாக இராது. மேடுபள்ளமான இத்தகைய நிலத்தில், டிராக்டரின் பின்னே பூட்டிய புதர் வெட்டும் கருவி செவ்வனே இயங்க, இரும்புத் தண்டாலாகிய மேலிணைப்புக்குப் பதில் சங்கிலி பெரிதும் உதவும்.

தண்டின் இயல்பும் சங்கிலியின் இயல்பும்

ஹாரி பெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற முறையைத் தழுவியே இன்றைய மும்முனை இணைப்பு அமைந்துள்ளது. உழும்போது மண்ணின் எதிர்ப்பு மேலிணைப்பை முன்னோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளலைத் தாங்கத் தண்டு இன்றியமையாதது. புதர் வெட்டும் கருவியோ மண்ணைக் கிழிப்பதன்று. தன் வால் சக்கரத்தின் மீது நிலத்தைத் தழுவிச் செல்ல வேண்டியது. டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறினால், விறைத்த தண்டு கருவியின் பின்புறத்தை நிலத்தில் அழுத்தும். வால் சக்கரமும் சட்டமும் வளையும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, பின்புறம் தூக்கப்பட்டு, கத்திகள் மண்ணைக் கொத்தும்.

சங்கிலி இழுக்கும், தள்ளாது. ஆகையால் கருவியைத் தூக்கும்போது அது விறைத்து நிற்கும். வெட்டும்போது தளர்ந்து வழிவிடும்.

எவ்வளவு பலம் வேண்டும்?

கருவியின் எடை 300 கிலோ என்றும், அதன் எடைமையம் கீழிணைப்பு ஊசிகளுக்குப் பின்னே 90 சென்டிமீட்டரில் உள்ளது என்றும், மேல் ஊசி அவற்றுக்கு மேலே 45 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். 300-ஐ 90-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் 600 வரும். தூக்கிய நிலையில் சங்கிலியின் மீதுள்ள இழுவிசை ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம். அதாவது கருவியின் எடையைப் போல் இரு மடங்கு! நெம்புகோல் பாடத்திற்கு ஆசிரியர்கள் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குழியில் குலுங்கும்போது இவ்விசை மேலும் பன்மடங்காகும். சுமை தூக்குவதற்கென்றே செய்யப்பட்ட, 80ஆம் தரத்து 10 மில்லிமீட்டர் உலோகக்கலவைச் சங்கிலி சுமார் 3 டன் தாங்கும். இவ்வளவு கருவிக்கு அது போதும். மாடு கட்டும் சங்கிலி உதவாது.

செய்முறை

சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்க. கருவியின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 1 அல்லது 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு கட்டைகளால் தாங்குக. இரு ஊசித் துளைகளுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து, பள்ளங்களில் வழிவிடுவதற்காகச் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்க. இரு முனைகளிலும் தடித்த எஃகுத் தகட்டாலான காதுகள் அமைத்து, சங்கிலிக்கு ஒத்த பலமுள்ள ஷாக்கிள்களால் இணைக்க. மேல் ஊசி முதல் வகை இணைப்பில் 19 மில்லிமீட்டரும், இரண்டாம் வகையில் 25 மில்லிமீட்டரும் விட்டமுடையது. ஷாக்கிளின் திருகு அதிர்ச்சியில் கழலாதபடி கம்பியால் கட்டுக. சங்கிலியின் வளையங்களைப் பற்றவைத்தல் கூடாது. சூட்டினால் அவற்றின் உறுதி கெடும்.

எச்சரிக்கை

சங்கிலி தள்ளாது என்னும் குணமே ஆபத்துக்கும் வழியாகும். பின்னோக்கிச் செல்லும்போது கருவி மரத்தூரில் மோதினால், அதனைத் தடுக்கத் தண்டு இல்லாமையால் அது டிராக்டரை நோக்கி மடிந்து எழலாம். ஆகவே, பின்னோக்கிச் செல்லுமுன் கத்திகளை நிறுத்தி, கருவியைத் தூக்குக. கருவி ஏறி இறங்கும் முழு எல்லையிலும் பி.டி.ஓ. தண்டின் இரு குழாய்களும் ஒன்றினுள் ஒன்று போதிய அளவு செருகியிருக்கின்றனவா என்பதை, இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சோதிக்க. ஹைட்ராலிக் நெம்புகோல் நிலைக் கட்டுப்பாட்டில் இருக்கட்டும்.

கடற்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். வேலை முடிந்ததும் சங்கிலியைக் கழுவி உலர்த்தி, எண்ணெய் பூசுக. ஏதேனும் ஒரு வளையத்தின் கனம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் சங்கிலியை ஒதுக்கிவிடுக. பழைய தண்டை எறிந்துவிட வேண்டாம்; கலப்பையைப் பூட்டும் நாளில் அதுவே வேண்டும்.