கடையில் வாங்கிய கார், கழற்றிப் பார்க்கும் விதி

மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எல்லா வண்டிகளையும் ஒரே கூட்டமாக அவிழ்த்துவிடுவதில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால் சாரதியின் திறமைக்கு அங்கே வேலையில்லை. மோட்டார் பந்தயத்தின் தொழில்நுட்ப விதிகளும் இதற்காக வந்தவைதான். என்ன, மாட்டைக் கண்ணால் பார்த்தே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தில் அந்த வேலை முதல் நாளே தொடங்கிவிட்டது. கடையில் விற்கும் காரை விற்கும் நிலையிலேயே ஓட்ட வேண்டும் என்பது விதி. இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு பிறந்தது 1948-ல். இந்த வகைக் கார்களுக்கான அதன் முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நடந்தது. ஒரு ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தார் கிளென் டனவே. சோதனையில், பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் செய்கிற வேலை அது: பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. காரின் உரிமையாளர் வழக்குப் போட்டுத் தோற்றார். விதி செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நாஸ்காருக்கே பல் முளைத்தது என்பேன்.

விதி வந்தால் சந்துபொந்தும் வரும். டேடோனாவில் பட்டறை வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக் அந்தச் சந்துகளின் ராஜா. பெட்ரோல் டேங்க் எவ்வளவு கொள்ளலாம் என்று சொன்ன விதிப்புத்தகம், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் 2 அங்குல அகலக் குழாயை 11 அடி நீளத்துக்கு வளைத்துப் போட்டார் என்று பந்தய வட்டாரத்தில் சொல்வார்கள். கணக்குப் போட்டால் குழாயிலேயே 6 லிட்டருக்கு மேல் நிற்கும்! இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி வாய்திறக்காத இடத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த விதியில் குழாயின் அளவும் ஏறிவிடும்; விதிப்புத்தகம் தடிப்பதே இப்படித்தான்.

சில விதிகள் அடிபட்ட பிறகு வருபவை. 1987-ல் டல்லடேகா ஓடுதளத்தின் தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 342 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அதே பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் பார்வையாளர் பக்கத்து வேலியில் போய் மோதியது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காயமடைந்தார்கள். 1988 முதல் டேடோனாவிலும் டல்லடேகாவிலும் ஒரு தகடு கட்டாயமானது. கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும், துளைகள் போட்ட ரெஸ்டிரிக்டர் பிளேட். காற்று குறைந்தால் எரிபொருள் எரிவது குறையும், வேகமும் குறையும். குறைந்தது, ஆனால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒட்டி ஓடத் தொடங்கினார்கள். ஒருவர் சறுக்கினால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து கார்கள் சேர்ந்து நொறுங்கின.

இன்றைய ஸ்டாக் காரில் கடைக் காரின் பாகம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. 2022-ல் வந்த புதிய காரில் சட்டகம், கியர்பாக்ஸ் உட்படப் பெரும்பாலானவற்றைக் குறிப்பிட்ட நிறுவனங்களிடம்தான் அணிகள் வாங்க வேண்டும். அந்த ஜூலையிலேயே போகோனோவில் முதலில் வந்த டென்னி ஹாம்லினும், இரண்டாவது வந்த கைல் புஷ்ஷும் தகுதி இழந்தார்கள். காரணம், முன்பக்கத்தில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒட்டியிருந்த டேப். காற்று விலகிப்போகும் விதத்தை அதுகூட மாற்றும். மூன்றாவது வந்த சேஸ் எலியட்டுக்குப் பரிசு.

இந்த உலகத்துக்குள் நம்மூர்க்காரர் ஒருவரும் போய்வந்திருக்கிறார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் மார்ட்டின்ஸ்வில்லில் இறங்கி 13-வதாக முடித்தார். அந்த வருடம் அப்பிரிவின் அபிமான ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்ததும் அவருக்கே.

மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த டி.வி.எஸ். மோட்டார், 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. 1994-ல் ‘ஒன் மேக்’ போட்டியைத் தொடங்கியது. கம்பெனியே தயார்செய்த ஒரே ரக பைக்குகளில் எல்லாரும் ஓட்ட வேண்டும். இன்ஜினைக் குடையும் ஆசைக்கு இடமே இல்லை. வசதி குறைந்த வீட்டுப் பையனுக்கு இதைவிட நியாயமான விதி எனக்குத் தெரிந்து இல்லை.

ரிங் ரோட்டில் சைலன்சரை மாற்றிப் பறக்கிறவர்கள் கவனிக்க: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது. அரசின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 189-வது பிரிவின்படி குற்றம். ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கேயும் வண்டியைச் சோதித்த பிறகுதான் விடுவார்கள்.